சிவப்பு விளக்கில் மூன்று குட்டு

இந்த நாட்டில் நமக்கு இல்லை என்று சொல்லுகிறவனும் 'அன்பான' என்றுதான் தொடங்குவான். 'கேர' என்பது அதற்கான டேனிஷ் சொல். தண்ணீர்க் காசு கேட்கிறவன், பல் வைத்தியர், காப்புறுதிக் கம்பனி, எல்லாருக்கும் நான் கேர. முடிக்கும்போது 'வென்லி ஹில்சன்', நட்புடன் வணக்கம். நடுவில் என்ன அடி அடித்தாலும் மேலே அன்பும் கீழே நட்பும் இருக்கும். கடிதங்கள் இங்கே படலைக்கு வருவதில்லை, போனுக்கு வரும். காலையில் முகம் கழுவி, விபூதி பூசி, சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, தேத்தண்ணிக்கு முன்னம் போனைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கார்த்திகை மாதத்துக் காலை ஒன்றில் அப்படித் திறந்தபோது 'கேர சின்னத்துரை' என்று ஒரு கடிதம் கிடந்தது. சின்னத்துரை நான் அல்ல, என்னுடைய ஐயா. அவர் செத்துப் பதினைந்து வருடம். தகப்பன் பெயரை முன்னுக்கு வைத்து எழுதுகிற எங்கள் வழக்கம் தெரியாமல், நான் வந்து இறங்கிய நாளில் இங்குள்ளவர்கள் ஐயாவின் பெயரையே என் பெயராகப் பதிந்துவிட்டார்கள். என் பெயர் கணேசலிங்கம். அந்தக் கடிதம் செத்துப்போன மனுசனிடம் மிகுந்த அன்போடு ஒரு கேள்வி கேட்டிருந்தது. வாகனம் ஓட்டும்போது தங்களைத் தாங்களே தலையில் அடித்துக்கொள்ளச் செய்கிற நோய், வருத்தம் ஏதும் தங்களுக்கு உண்டா?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இருபது வருடத்துக்கு மேலாகக் கிரின்ஸ்டெட்டில் ஒரு பெட்டி செய்கிற தொழிற்சாலையில் மெசினோடு மெசினாக நிற்கிறேன். மெசினோடு கதைக்க டேனிஷ் தேவையில்லை. ஆகவே அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தும் எனக்குச் சரியாக விளங்கவில்லை என்றே நினைத்தேன். என் மனைவி சரோ முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். பகல் முழுக்கக் கிழவிகளோடு கதைத்துக் கதைத்து அவளுக்கு டேனிஷ் நல்ல ஓட்டம். அவளிடம் போனை நீட்டினேன். அவள் வாசித்தாள். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"இருபத்தேழு வருசமா நான் சொல்லுறன், உங்களுக்குத் தலையில ஏதோ பிழை எண்டு. இண்டைக்குத்தான் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சிருக்கிறான்."

சிரித்து முடிய அவளுடைய முகம் மாறிவிட்டது. காரணம், அது சிரிக்கிற காரியமாக இருக்கவில்லை. அதைச் சொல்ல ஒரு மாதம் பின்னுக்குப் போகவேண்டும்.

சரோ வேலை செய்கிற இல்லம் எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீற்றர். காலை ஏழு மணிக்கு அவள் அங்கே நிற்கவேண்டும். கிழமை நாளில் முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமையில் பஸ் என்பது ஒரு கதை. அவளுக்கு லைசென்ஸ் இல்லை, இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் போகமாட்டேன் என்றுவிட்டாள். பதினொரு வருடமாக, வேறு யாருக்கும் சுகமில்லை என்றால் மட்டும் கூப்பிடுகிற ஆளாக இருந்து, இந்த வருடம்தான் நிரந்தர வேலை கிடைத்தது. அதுவும் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வார்கள். அந்த மூன்று மாதத்தின் நடுவில்தான் இடி விழுந்தது.

பிள்ளையாரைக் குட்டிக் கும்பிடுவது எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் சந்திக்குச் சந்தி அவர் இருந்தார். பஸ் ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை விட்டுக் குட்டுவான், சைக்கிளில் போகிறவன் ஹாண்டிலை விட்டுக் குட்டுவான். கண்டி வீதியில் ஓடுகிற வாகனம் எதுவும் அவர் வாசலில் நின்று தேங்காய் உடைக்காமல் போகாது. கிரின்ஸ்டெட்டில் எந்தச் சந்தியிலும் அவர் இல்லை. ஊர் எல்லையில் ஒரு சிக்னல் விளக்கு இருக்கிறது. காலையில் நான் போகிற நேரமெல்லாம் அது சிவப்பு. கார் நிற்கிற இடம் அது ஒன்றுதான் என்பதால், வந்த புதிதில் ஒருநாள் அங்கே குட்டிக் கும்பிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சிவப்பு விளக்குத்தான் எனக்குக் கோயில் வாசல். வலக்கை இடப்பக்க நெற்றிக்கும் இடக்கை வலப்பக்க நெற்றிக்கும் போகும். மூன்று குட்டு. பச்சை விழும். போவேன். இருபது வருடத்தில் ஒரு மனுசனுக்கும் ஒரு பூனைக்கும் என்னால் கேடு வந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறே கால் இருக்கும். மழைத்தூறல். சரோ பக்கத்தில் இருந்து தலைமயிரைக் கட்டிக்கொண்டிருந்தாள். விளக்குச் சிவப்பு. நான் குட்டினேன். மூன்றாவது குட்டு விழுந்து கை இறங்குகிறபோது கார் முன்னால் எகிறியது. சரோவின் வாயிலிருந்த கொண்டை ஊசி கண்ணாடியில் போய் அடித்தது. பின்னால் ஏணி கட்டிய வெள்ளை வான் ஒன்று எங்கள் டிக்கிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

இறங்கி வந்தவன் முப்பது வயதுப் பெயின்றடிக்கிறவன். நல்ல முகவெட்டு. ஒரு கையில் போன் வெளிச்சமாய் இருந்தது, படம் எடுக்கத்தான் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். 'உண்ஸ்குல், உண்ஸ்குல்' என்று ஏழெட்டுத் தரம் மன்னிப்புக் கேட்டான். முழுக்க என் பிழை என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். என் தோளைத் தொட்டான். சரோவுக்கு ஏதும் நோகிறதா என்று குனிந்து பார்த்தான். இப்படி ஒரு மோதல் நடந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்து வைக்கிற ஒரு கடுதாசி உண்டு. அது என் காருக்குள்ளேயே இருந்தது. சரோ அதை எடுத்து என் கையில் தந்து, "கையெழுத்தை வாங்குங்கோ" என்றாள்.

"அவன்தான் ஒப்புக்கொண்டிட்டானே. ஒப்புக்கொண்டவனிட்டக் கையெழுத்துக் கேக்கிறது மரியாதையில்லை" என்றேன் நான்.

பெரிய தர்மவான். பிழையை வாயால் ஒப்புக்கொண்டவனை மேலும் குனியவைக்கக் கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பைக் கொண்டுவந்து டென்மார்க்கில் ஒரு பெயின்றடிக்கிறவனுக்கு முன்னால் விரித்தேன். அவன் நம்பர்களைப் படம் எடுத்தான், எல்லாம் கம்பனி பார்த்துக்கொள்ளும் என்றான், கை தந்தான், போனான். நானும் அவனுக்கு நன்றி சொன்னேன். இடித்தவனுக்கு நன்றி சொன்ன ஆள் நான்.

என் காருக்குப் பதினாலு வயது. அதற்குச் சட்டத்துக்குக் கட்டாயமான காப்புறுதி மட்டும்தான் போட்டிருந்தேன். நான் யாரையும் இடித்தால் அவர்களுக்குக் கிடைக்கும். என்னை யாரும் இடித்தால், இடித்தவனின் கம்பனி பிழையை ஏற்றால்தான் எனக்குக் கிடைக்கும். ஏற்காவிட்டால் நசுங்கிய டிக்கியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். சேதம் மதிக்கிறவர் ஒருவர் வந்தார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், சில்லைக் காலால் தட்டினார், இது இனி ஓடாது என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு கணினி, ஒரு கமெரா, ஒரு மீற்றர்ப் பட்டி தேவைப்பட்டது. காரை இழுத்துக்கொண்டு வந்த அன்றே நான் அதைச் சொல்லியிருப்பேன்.

பிறகு இடித்தவனின் கம்பனிக்குப் போன். வரிசையில் நீங்கள் பதினோராவது ஆள் என்று ஒரு குரல் சொல்லும். பியானோ வாசிக்கும். பத்தாவது ஆள் என்று சொல்லும், பிறகும் பியானோ. கடைசியில் மெட்டெ என்று ஒரு பெண் வருவாள். என் கேஸ் அவளுடைய மேசையில். அவளுடைய குரலில் தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள், இன்று உங்கள் பக்கம் மழையா என்று கேட்பாள், எங்கள் வாடிக்கையாளரின் விளக்கத்துக்குக் காத்திருக்கிறோம் என்பாள், 'வி பெக்லேயர்' என்பாள். வருந்துகிறோம் என்று அர்த்தம். இந்த நாட்டில் வருந்துவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வருந்தி முடித்துப் பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எனக்குப் பதினாறு வயதில் சந்தை மூலையில் ஒரு ட்ரக்ரர் என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தட்டியது. கால்மணி நேரத்தில் ஐம்பது பேர் கூடினார்கள். ட்ரக்ரரை ஓட்டியவனை விட்டுவிட்டுப் பின்பெட்டியில் இருந்த கூலிக்காரனுக்கு இரண்டு அடி போட்டார்கள். ட்ரக்ரர்க்காரர் ஒரு வாழைக்குலையோடு வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு முன்னால் கண்கலங்கி, சைக்கிளுக்குப் புது ரிம் போட்டுத் தாறன் என்று சத்தியம் பண்ணினார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. ரிம் இன்றுவரை வரவில்லை. நான் கோணல் சில்லோடு இரண்டு வருடம் ஓடினேன். ஆகவே எங்கள் ஊரில் நீதி இருந்தது என்று எழுத நான் ஆயத்தமில்லை. அதுவும் ஏமாற்றுத்தான். ஆனால் ஏமாற்றினவரைச் சந்தையில் காணலாம். என்னைக் கண்டால் அவர் தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கத்தால் போவார். அந்தக் குனிவு எனக்குக் கிடைத்தது. இங்கே ஏமாற்றுகிறவனுக்கு முகமே இல்லை, ஒரு கேஸ் நம்பர்தான் இருக்கிறது. அதைத் திட்டினால் அது கூச்சப்படாது.

அந்த விளக்கம்தான் ஐயாவின் பெயருக்கு வந்த கடிதத்தோடு சேர்ந்து வந்தது. நெஞ்சில் கைவைத்தவன் இப்படி எழுதியிருந்தான். விளக்குப் பச்சையாகியது. முன்னால் நின்ற கார் புறப்பட்டது. அப்போது அதன் சாரதி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் குறுக்காக வைத்துத் தன் தலையில் மூன்று முறை அடித்துக்கொண்டார். கார் சட்டென்று நின்றது. அவருக்கு ஏதோ வருத்தம் என்று நினைக்கிறேன், என்னால் தவிர்க்க முடியவில்லை. இதனால் இப்போதைக்குப் பொறுப்பேற்க முடியவில்லை என்றும், தலையில் அடிப்பது ஏன் என்று வைத்தியரின் கடிதத்தோடு விளக்கம் அனுப்பும்படியும் கம்பனி அன்போடு கேட்டிருந்தது.

என் சாமியைக் கும்பிட்டதை வருத்தம் என்று எழுதியிருக்கிறான்.  பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை, பொய்க்குள் பிள்ளையாரை இழுத்துவந்து நிறுத்தியிருக்கிறானே என்றுதான் கொதித்தது. மகனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன் இஷொயில் இருந்துகொண்டு கொப்பன்ஹேகனில் ஒரு ஒபீசில் வேலை செய்கிறான். நான் தமிழில் சொல்ல அவன் டேனிஷில் பதில் சொல்லுவான், எங்கள் சம்பாசணை அப்படித்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, சாமி கும்பிட்டேன் என்று தயவுசெய்து எழுதவேண்டாம், அது 'பின்லிட்' என்றான். வெட்கக்கேடு. அவனுடைய தகப்பனை ஒருவன் பைத்தியம் என்று எழுதியது வெட்கக்கேடு இல்லை, தகப்பன் கும்பிட்டதுதான் வெட்கக்கேடு. நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை விபோர்க்கிலிருந்து சகலன் வந்தார், சரோவின் அக்காவின் புருசன். எங்கள் ஆட்களுக்குள் அவர் இன்சூரன்ஸ் பண்டிதர். அவருடைய கழுத்துப் பட்டி அலுமாரிக்குள் இருக்கும், யாராவது அவருடைய காரை உரசினால் வெளியே வரும், காசு வந்ததும் திரும்ப உள்ளே போகும். ஒரு பை மிக்சரை மேசையில் வைத்துவிட்டு, கடிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"தம்பி, இஞ்ச உண்மை எண்டது ஒரு போர்ம். என்ன நிரப்பிறமோ அதுதான் உண்மை. குளிர்த் தொப்பியைச் சரிப்பண்ணினன் எண்டு எழுதும். அலுவல் முடிஞ்சுது."

"பிள்ளையாரைத் தொப்பி எண்டு எழுதச் சொல்லுறியளோ அண்ணை?"

"பிள்ளையாருக்கு என்ன நட்டம்? காரில்லாமல் நிக்கிறது அவரில்லை, நீர்."

அவர் வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது. ஒன்றை ஒரு மாதத்துக்குத் தாறன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மிக்சரில் பாதியை அவரே தின்றுவிட்டு, கழுத்து நோகுது என்றும் இப்பவே எழுதிவையும், பிறகு நேரம் பிந்தினால் ஏற்கமாட்டான்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைக்காரன் அன்பான என்று எழுதிக் கழுத்தை அறுக்கிறான். எங்கள் ஆள் தம்பி என்று சொல்லிக் கழுத்துக்குப் பட்டி கட்டச் சொல்லுகிறார். இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டலாம்.

அவர் போனபிறகு சரோ மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "தொப்பி எண்டு சொல்லுறதில என்ன குறைஞ்சுபோயிடும்?" என்றாள்.

 அவளில் பிழையில்லை. மூன்று கிழமையாக அவளோடு வேலை செய்கிற ஒரு டேனிஷ்காரி சுற்றிவந்து ஏற்றிக்கொண்டு போனாள். அவளுடைய முறை மாறியதும் அது நின்றது. கோயிலில் பழக்கமான நாலு பேரிடம் காலை நேரத்துக்குக் கார் கேட்டுப் போனேன். ஒருவருக்குப் பிரேக்கில் பிழை, ஒருவருக்கு மகள் எக்ஸாம், ஒருவர் கதவே திறக்கவில்லை, திரைச்சீலை மட்டும் அசைந்தது. ஒரே ஒருவர் கிழமையில் இரண்டு நாள் தந்தார், மற்ற நாளெல்லாம் காசு கொடுத்து ராக்சி. அவள் இரண்டு தரம் பிந்திப் போனாள். இல்லத்தின் தலைவி அவளைக் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்து, முதலாம் திகதிக்குள் ஒரு வழி செய்துகொள், எங்களுக்கு உன்னை இழக்க விருப்பமில்லை என்றிருக்கிறா. இங்கே ஆளை அனுப்புவதற்கு முன்னால் கோப்பி கொடுப்பார்கள். பதினொரு வருடம் கூப்பிட்ட நேரமெல்லாம் ஓடிப்போனவள், ஒரு பெயின்றடிக்கிறவனுடைய காலுக்காகவும் என்னுடைய கைக்காகவும் திரும்பக் கூப்பிடுகிற ஆளாகப் போகப்போகிறாள்.

வைத்தியரிடம் போனேன். சின்னப் பெடியன் மாதிரி ஒரு வைத்தியர். கடிதத்தை வாசித்துவிட்டு, எப்படி அடிப்பீர்கள், காட்டுங்கள் என்றார். ஒரு கட்டிலும் ஒரு தராசும் இருக்கிற அறையில், செருப்போடு, நான் பிள்ளையாருக்குக் குட்டிக் காட்டினேன். அப்படி ஒரு கூச்சம் வாழ்க்கையில் பட்டதில்லை. நோகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எத்தனை வருடமாக என்றார். பிறந்ததிலிருந்து என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் இவருக்கு எந்த வருத்தமும் இல்லை, வாகனம் ஓட்டலாம் என்று ஒரு கடிதம் தந்தார். அதற்குத் தனியாகக் காசு.

வைத்தியரின் கடிதம் வந்துவிட்டது, ஆனால் விளக்கம் இன்னும் எழுதவில்லை. முதலாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள். சரோ சமையலறை மேசையில் இருந்து பெயின்றடிக்கிறவனின் எழுத்தைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். தொப்பிதான் கடைசி வழி என்று இரண்டு பேருக்குள்ளும் இருந்தது. திடீரென்று, "இஞ்சருங்கோ, குட்டுங்கோ பாப்பம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "குட்டுங்கோவன். காருக்குள்ள குட்டுற மாதிரி." சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடி, ஸ்ரீ விநாயகரே என்று நினைத்து, மூன்று குட்டும் குட்டி, கையைக் கீழே இறக்கினேன்.

"எட்டுச் செக்கன்" என்றாள். பிறகு போனை மேசையில் வைத்து விரலால் குத்திக் காட்டினாள். "குறுக்குக் கை எண்டு எழுதியிருக்கிறான். மூண்டு தரம் எண்டு எண்ணியும் எழுதியிருக்கிறான். கையை விட்டிட்டுத் தலையில அடிக்கிற ஒருத்தனைக் கண்டா எவனும் பிரேக்கை அல்லோ மிதிப்பான்? இவன் எட்டுச் செக்கன் பாத்துக்கொண்டு இருந்திட்டு வந்து இடிச்சிருக்கிறான். நிண்டு பாத்திருக்கிறான், பிறகு போனைப் பாத்துக்கொண்டு பிரேக்கில இருந்த காலை விட்டிருக்கிறான், இறங்கி வரேக்க கையில போன் வெளிச்சமாத்தானே இருந்தது. நீங்களும் நிண்டனீங்கள், அவனும் நிண்டவன். விளக்குச் சிவப்பு. நான் இந்தக் கண்ணால கண்டனான்."

எட்டாம் வகுப்புப் படித்த எனக்கு ஒரு மாதமாக வராதது அவளுக்கு மிக்சர்த் தூள் தட்டிய மேசையில் வந்துவிட்டது. அன்றைக்கே எழுதினோம். நான் சொல்ல அவள் டேனிஷில் எழுதினாள். தொப்பி என்ற சொல் அதில் இல்லை. நான் சின்னத்துரை அல்ல, அவருடைய மகன் என்று தொடங்கினேன். தடைகளை நீக்குகிற கடவுளை, கார் நிற்கிறபோது, மூன்று தரம் குட்டிக் கும்பிடுவேன், அது வருத்தமில்லை, வைத்தியர் எழுதியிருக்கிறார், உங்கள் ஆள் எண்ணி முடிக்குமட்டும் நான் நின்றேன், பிறகுதான் அவர் வந்தார், என்று முடித்தேன். வென்லி ஹில்சன் போடவேண்டாம் என்றேன். சரோ போட்டுவிட்டாள்.

முதலாம் திகதிக்கு மூன்று நாள் இருக்கையில், நடுப்பகலில் மெட்டெ போன் எடுத்தாள். சரோவுக்கு அன்று பின்னேர வேலை, சப்பாத்தும் போட்டுக்கொண்டு ராக்சிக்குக் காத்து நின்றாள். போனைச் சத்தமாகக் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தேன். மெட்டெயின் குரலில் தேன் இன்னும் கூடியிருந்தது. கடிதத்தை எங்கள் பகுதியில் எல்லாரும் வாசித்தோம், மிகவும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றாள். கார் நின்றுதான் இருந்தது என்பதை இப்போது நாங்கள் ஏற்கிறோம் என்றாள். சரோ என் கையைப் பிடித்தாள். ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான் ஒரு வரி எழுதவேண்டும் என்றாள்.

கடவுளைக் கும்பிட்டேன் என்றேன். மறுபக்கத்தில் தட்டெழுதுகிற சத்தம் நின்றது.

அவள் மெதுவாக, எனக்கு உதவி செய்கிற மாதிரியே கதைத்தாள். ஓட்டும்போது பிரார்த்தனை என்று எழுதினால் எங்கள் சட்டப் பகுதி திரும்பவும் கேள்வி கேட்கும், கவனம் வேறெங்கோ இருந்தது என்பார்கள், இன்னும் ஆறேழு கிழமை எடுக்கும் என்றாள். பிறகு அவளுக்கு ஏதோ உதித்தது போல, என்னுடைய தங்கை யோகாவுக்குப் போகிறவள், அங்கேயும் தலையில் புள்ளிகளை அழுத்துவார்களாம், மூளைக்கு நல்லதாம் என்றாள். அப்படியென்றால் இது ஒரு சின்னத் தேகப்பயிற்சி மாதிரி, இல்லையா? கார் நிற்கிறபோது செய்கிற பயிற்சி?

அவளுக்கு என்னை அவமதிக்கிற நோக்கம் ஒரு துளியும் இருக்கவில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது. பெயின்றடிக்கிறவன் வருத்தம் என்றான், சகலன் தொப்பி என்றார், மகன் வெட்கம் என்றான். அவர்கள் எல்லாருக்கும் முன்னால் நிமிர்ந்து நின்றுவிட்டேன் என்று எனக்குள் ஒரு செருக்கும் வந்திருந்தது. இவள் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்து பிடிக்கிறாள். வெளியே ராக்சி வந்து ஹோண் அடித்தது. சரோ என் கையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள், நீங்கள் உங்கள் எண்ணத்துக்குச் சொல்லுங்கோ என்கிற மாதிரி. அந்தக் கையைப் பார்த்தேன். கிழவர்களைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ய்யா" என்றேன். ஆம் என்று.

அவ்வளவுதான். மறுபக்கத்தில் தட்டெழுதுகிற சத்தம் திரும்பத் தொடங்கியது. நான்கு நாளில் கடிதம் வந்தது. முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம். கார் நின்றபோது தாங்கள் செய்த பயிற்சி விபத்துக்குக் காரணம் அல்ல. இருந்தாலும் வீதியில் இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்திருக்கும்படி பரிந்துரைக்கிறோம். பொய் எழுதியவனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வருந்துகிறோம் என்ற அவர்களுடைய விருப்பமான சொல்லும், தேவைப்பட்ட ஒரே இடத்தில், இல்லை. கடிதத்தைக் காட்டியதும் தலைவி இன்னொரு கிழமை பொறுத்தா. பத்து வயதுச் சாம்பல் நிறக் கார் ஒன்றை வாங்கினேன். சரோவின் வேலை உறுதியாகியது. இல்லத்தில் கேக் வெட்டி அவளுக்குப் பூங்கொத்துக் கொடுத்தார்களாம். அந்தப் பூவில் பாதியைக் கொண்டுவந்து அவள் பிள்ளையார் படத்துக்கு வைத்தாள்.

"நீங்கள் ஓம் எண்டு சொன்னதைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கமாட்டன்" என்றாள். "அவருக்கு விளங்கும்."

அவருக்கு விளங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாரை யாரையோ எல்லாம் இவ்வளவு நேரம் இகழ்ந்து எழுதினேன். ஒப்புக்கொண்டவன் மறுத்தான், பண்டிதர் பட்டி கட்டச் சொன்னார், நல்லவர்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். ஆனால் அவர்களில் ஒருவனும் தன் வாயால் பிள்ளையாரை விற்கவில்லை. அவரை ஒரு சொல்லில் விற்றவன், எட்டு வயதில் அவருக்கு முன்னால் தோப்புக்கரணம் போடப் பழகிய நான். இந்த நாட்டில் எங்களிடம் யாரும் சாமியை விடு என்று சொல்லுவதில்லை. அவர்களுக்கு விளங்குகிற மாதிரி வேறொரு பெயர் வைக்கலாமா என்று இதமாகக் கேட்பார்கள், நாங்களும் அவசரத்தில் ஓம் என்போம்.

புதுக் கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வீதியில் ஒரு குஞ்சும் இல்லை. ஊர் எல்லை விளக்குச் சிவப்பு. சரோ பக்கத்தில், வேலை உடுப்போடு, முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தாள். கை எழும்பியது, ஆனால் கண் அதற்கு முன்னம் போய்ப் பின்கண்ணாடியைப் பார்த்துவிட்டது. பின்னால் ஒருவரும் இல்லை. நனைந்த வீதி மட்டும். ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகும் இடக்கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை, இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. வலக்கை மட்டும் தனியாகப் போய் இடப்பக்க நெற்றியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று குட்டியது. குட்டு விழாத பக்கம் குளிராக இருந்தது. பச்சை விழுந்தது.